உரியவர் நேரில் வர வேண்டும்

என் கணவர் முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில், தவறவிட்ட பொருட்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தார். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, பல்செட், ஒருமுறை கூடையோடு உயிருள்ள கோழி. ஜனங்கள் எதையெல்லாம் மறந்துவிட்டு இறங்கிப் போவார்கள் என்று கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார். அவருடைய ஜன்னலுக்கு மேலே அவரே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய அட்டை ஒன்று உண்டு: "உரியவர் நேரில் வர வேண்டும்." தம்பியை அனுப்புகிறேன், பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. மந்திரி மறந்தாலும் மந்திரியே வந்து நிற்க வேண்டும்.

அந்த எரிச்சலில்தான் அவர் ஒரு ஜனத்தையே உண்டாக்கினார். எதையும் எங்கேயும் விட்டுவிட்டுப் போகாத ஜனம். வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக அலைகிற நாடோடிகள். அவர்களுக்கு ஃபாரிங் என்று பெயர் வைத்தார். ஜனம் என்று இருந்தால் பேச வேண்டுமே, அதற்கு ஒரு மொழி. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஜெர்மன் இலக்கணம், ஒரு டச்சு அகராதி, அட்டை கிழிந்த இன்னும் இரண்டு தடிப் புத்தகங்கள், இவற்றை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் உட்கார்ந்து ஃபாரிஸ்க் என்ற மொழியைச் செய்தார். ஜெர்மனுக்கு ஒன்றுவிட்ட தங்கை, டச்சுக்கு மாமன் மகள் என்று அதற்கு உறவுமுறை வேறு சொல்வார். ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. அட்டைகள் பதினான்கு ஷூ பெட்டிகளில் எங்கள் பீரோவுக்கு மேலே இருந்தன.

நான் ஒரு டிரை கிளீனிங் கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் தைக்கிறவள். பேன்ட் உயரம் குறைப்பது, ஜாக்கெட் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மனுஷன் அட்டையைச் சத்தமாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இல்லாத ஊர்க்காரனுக்கு இவ்ளோ வார்த்தை இருக்கு, இருக்கிற பொண்டாட்டிகிட்ட பேச நாலு வார்த்தை இல்லையா?" என்று கேட்பேன். சிரித்துவிட்டு அடுத்த அட்டையை எடுப்பார். எங்களோடு இருக்கும் என் நாத்தனார், அவருடைய தங்கை, "விடுங்க அண்ணி, சீட்டாடப் போகலையேன்னு சந்தோஷப்படுங்க" என்பாள். சந்தோஷப்பட்டதில்லை. பொறாமைதான் பட்டேன். இப்போது சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. உயிருக்கு ஆபத்து நீங்கியதும் மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தார்கள். முதல் மாடி, ஆண் பெண் கலந்த எட்டுக் கட்டில் வார்டு, எட்டுப் பேரும் பேச்சுப் போனவர்கள். அவருக்கு ஆறாவது கட்டில். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள், எல்லோரும் அவளை ஸ்பீச் மேடம் என்பார்கள். வாழைப்பழப் படத்தைக் காட்டி "இது என்ன சார்?" என்று கேட்பாள். இவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பன்னிரண்டாம் நாள் அவர் வாயைத் திறந்தார். நீளமாக, தடங்கல் இல்லாமல், ஏதோ கேட்டார். ஸ்பீச் மேடம் என் தோளைத் தொட்டு, "அர்த்தம் இல்லாம சத்தம் மட்டும் வரும்மா. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க," என்றாள்.

நான் பயப்படவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அது சத்தம் இல்லை, ஃபாரிஸ்க். பதினெட்டு வருடம் சமையலறையில் நின்று கேட்டவளுக்குத் தெரியாதா? பெற்ற தாயின் மொழி போயிற்று, என்னோடு பேசின மொழி போயிற்று, ஷூ பெட்டி மொழி மட்டும் ஒரு சொல் குறையாமல் தங்கிவிட்டது. வார்டுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் வீட்டுக்குப் போய் முதல் பெட்டியை இறக்கினேன்.

பேன்ட் மடிப்புத் தைத்துக்கொண்டே படித்தேன். மெஷின் தலையில் அட்டையைச் சாய்த்து வைத்து ஒரு தையலுக்கு ஒரு சொல். நாத்தனார் அட்டையைப் பிடித்துக்கொண்டு டியூஷன் பிள்ளைகளிடம் கேட்பதுபோல் என்னிடம் கேட்பாள். இரண்டே மாதத்தில் தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, தலையணை உயரமா என்று கேட்க வந்துவிட்டது. அந்த மொழியில் நீங்கள் என்பது கிடையாது, எல்லோருக்கும் தூ, அதாவது நீ. முப்பது வருடம் 'என்னங்க' என்றே கூப்பிட்ட வாயால் அவரை நீ என்று கூப்பிட்டபோது முதலில் நாக்கு கூசியது. அவர் இடது கையால் என் கன்னத்தைத் தொட்டு, "நீ வந்துவிட்டாய்," என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. அந்த இரண்டு மாதத்தைப் போல் ஒரு காலம் எனக்கு அமையவில்லை என்றே சொல்வேன்.

பிறகு இரண்டாவது கட்டில் பேசியது.

அதில் இருந்தவர் லாரி டிரைவர், பெரிய மீசை, யாரைப் பார்த்தாலும் கண் கலங்குவார். ஒரு நாள் பதினொரு மணிக்கு அவர் என் கணவரைப் பார்த்து ஃபாரிஸ்க்கில், "உன் பக்கம் காற்று எப்படி?" என்றார். என் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து தண்ணீர் கொட்டியது. கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்தில் நான்காவது கட்டிலில் இருந்த ஹெச்.எம். அம்மா பேசினார். பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவர், எட்டு மாதமாக ஒரு எழுத்துக்கூட வாயில் வராதவர். அடுத்த வாரம் மூன்று பேர். மாதம் முடிவதற்குள் எட்டுக் கட்டிலும் பேசியது. குடும்பங்கள் எல்லாம் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அத்தை பேசுகிறார் என்று ஹெச்.எம். அம்மாவின் மருமகள் போனில் யார் யாருக்கோ அழுதுகொண்டே சொன்னாள். ஸ்பீச் மேடம் மட்டும் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஒரு நாள் டிரைவர், "ஸ்னெர்," என்று ஏதோ சொல்லிச் சிரித்தார். மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் பதினான்கு பெட்டியையும் தேடினேன். அப்படி ஒரு அட்டை இல்லை. மறுநாள் கணவரைக் கேட்டேன்.

"சக்கரம் உடைவதற்கு முன்னால் மரம் போடும் சத்தம்," என்றார்.

"அதை நீ எழுதவில்லையே?"

"எனக்குத் தெரியாது. அவர்தான் சொன்னார்."

"அவருக்கு யார் சொன்னது?"

இந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. வண்டியிலேயே பிறந்து வளர்ந்தவருக்குச் சக்கரத்தின் சத்தத்தை யாராவது சொல்லித் தர வேண்டுமா என்பதுபோல் பார்த்தார். வெயில் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் விழுந்திருந்தது. எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

அதற்குப் பிறகு கெட்டது ஒவ்வொன்றாக வந்தது. ஹெச்.எம். அம்மாவுக்கு மருமகளை அடையாளம் தெரியவில்லை. கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, சாலையோரம் நிற்கிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்தார். அட்டையில் அது இருந்தது: கூட நடப்பவர்தான் உறவு, மற்றவர் ஊர்க்காரர். டிரைவரின் பிள்ளைகளும் ஊர்க்காரர் ஆனார்கள். மொழி தெரிந்ததால் என்னை மட்டும் எட்டுப் பேரும் தெரிந்துகொண்டார்கள். காலையில் வார்டுக்குள் நுழையும்போது எட்டுத் தலையும் என் பக்கம் திரும்பும்.

கட்டில்கள் நகர்ந்தன. சக்கரம் வைத்த கட்டில்கள்தான், ஆனால் பிரேக் போட்டவை. தினமும் காலையில் சிஸ்டர் வந்து பார்த்தால் எட்டும் கால்மாட்டைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு இரண்டு வரிசையாக நிற்கும், பிரேக் எல்லாம் விடுபட்டிருக்கும். கூட்டுகிற அம்மாவை சிஸ்டர் திட்டித் தீர்த்தாள். அவளும் சும்மா இல்லை, "எட்டுக் கட்டிலைத் தள்ள நான் என்ன யானையா?" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். எட்டுப் பேரில் எழுந்து நிற்கக்கூடியவர் ஒருவர்கூட இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் புறப்படப் போகிறார்கள்.

ஃபாரிங்குகள் புறப்படுவதற்கு ஒரு முறை உண்டு. அட்டையில் என் கணவர் பச்சை மையில் எழுதியிருந்தார். புறப்படுவது என்று முடிவானால் கிளம்பும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. அப்புறம், ஓர் ஊர்க்காரரை அழைத்து முகாம் முழுக்கப் பார்க்கச் சொல்ல வேண்டும். போகிற அவசரத்தில் இருப்பவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது, போகாதவன்தான் ஒழுங்காகப் பார்ப்பான் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஆளுக்குப் பெயர் பின்பார்ப்பவர். ஒன்றும் மிச்சமில்லை என்றால் அவர் "நீவெட் ப்ளீஃப்" என்று சொல்ல வேண்டும். தலைவர் "ஹோர்த்" என்பார், கேட்டேன் என்று அர்த்தம். உடனே வண்டி நகரும். ஏதாவது மிச்சம் இருந்தால் "இக்கெட் ப்ளீஃப்" என்று சொல்ல வேண்டும், அன்றைக்குப் பயணம் இல்லை. தெரியாமல் எதையாவது விட்டுவிட்டுப் போய்விட்டால் எத்தனை தூரமானாலும் திரும்பி வந்து அதை எடுத்தாக வேண்டும். பேருந்து நிலையத்து ஜன்னலில் உட்கார்ந்த மனிதர் வேறு என்ன சட்டம் எழுதுவார்?

ஒரு செவ்வாய்க்கிழமை எட்டுப் பேரும் காலைக் கஞ்சியைத் தள்ளிவிட்டார்கள். என் கணவர் என்னைக் கூப்பிட்டு, "நீ பார்," என்றார்.

எங்கே போகிறார்கள் என்று கேட்டேன். அவர் கதவைப் பார்த்தார். நான் கூட வரலாமா என்று கேட்டேன். "பின்பார்ப்பவர் வர முடியாது," என்றார், ரொம்ப மென்மையாக. முப்பது வருடம் வாழ்ந்தவளை ஒரே சொல்லில் ஊர்க்காரி ஆக்கிவிட்டார். அறைந்திருப்பேன். கை எழவில்லை.

கட்டில்களுக்கு நடுவே நடந்தேன். கையில் மறைத்து வைத்திருந்த சீப்பை டிரைவரின் கட்டிலுக்கு அடியில் நழுவவிட்டேன். குனிந்து எடுத்து, "இக்கெட் ப்ளீஃப்," என்றேன். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மூச்சை வெளியே விட்டார்கள். அன்று பயணம் நின்றது. ஆனால் சாப்பாட்டை யாரும் தொடவில்லை, முடிவு எடுத்தாகிவிட்டது, கிளம்பும்வரை கிடையாது.

புதன்கிழமை ஒரு செருப்பு. வியாழக்கிழமை ஒரு கைக்குட்டை. டாக்டர் மூக்கில் குழாய் போடச் சொன்னார். போட்ட குழாயை டிரைவர் பிடுங்கி எறிந்தார், மற்றவர்களும் அப்படியே. ஹெச்.எம். அம்மாவின் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க பேசினா கேக்குறாங்களே. என்னதான் வேணுமாம் அவங்களுக்கு? ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லுங்களேன்."

என்ன சொல்வேன்? நான் ஒருத்தி ஒரு மனிதரைப் பிடித்துவைக்க எட்டுப் பேரைப் பட்டினி போடுகிறேன் என்றா?

அன்று மாலை நான்கு மணிக்கு என் கணவரின் உதட்டை நனைத்துவிட்டேன். தோல் வெடித்திருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீப்பு மறந்துபோன சீப்பு இல்லை," என்றார். "செருப்பும் இல்லை. மறந்த பொருளுக்கு ஒரு முகம் உண்டு. வைத்த பொருளுக்கு வேறு முகம். எனக்குத் தெரியாதா?"

நான் ஈரத் துணியை மறுபடி அவர் உதட்டில் வைத்தேன்.

"நன்றாகப் பார்," என்றார். "ஆனால் நீயே வைத்துவிட்டுப் பார்க்காதே."

வீட்டுக்கு வந்து பச்சை மை அட்டைகளை மறுபடி எடுத்தேன். பின்பார்ப்பவர் பொய் சொன்னால் என்ன ஆகும்? தேடினேன். அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. தலைப்பு மட்டும் எழுதிய அட்டை ஒன்று இருந்தது, கீழே வெற்றிடம். இருப்பதை இல்லை என்று சொல்லி அனுப்புகிற ஒருத்தி அவருடைய ஜனத்துக்கு வாய்ப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் வழி தெரிந்தது. நிறுத்த முடியாது. போகவிட்டால் போய்விடுவார்கள். ஆனால் விட்டுவிட்டுப் போனால் வந்தாக வேண்டும்.

அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தேன். ஐந்து பட்டன். மேலிருந்து இரண்டாவதைக் கத்தரித்தேன். அந்தச் சட்டையை வாங்கிய வாரமே அந்தப் பட்டனை நான் மறுபடி தைத்திருந்தேன், கடைத் தையல் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நூல் அவ்வளவு சுலபமாக அறுபடவில்லை. நாத்தனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல சட்டையை ஏன் அண்ணி கெடுக்குறீங்க?"

"உங்க அண்ணன் திரும்பி வரணும்ல," என்றேன். என்ன புரிந்ததோ, அவள் மேலே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு, விரிப்பு மாற்றுவதற்காக அவரைச் சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தார்கள். விரிப்பை நான் போடுகிறேன் என்று சிஸ்டரிடம் வாங்கிக்கொண்டேன். ஆறாவது கட்டில் மெத்தைக்கு ரெக்சின் உறை. தலைமாட்டு மூலையில் ஓரத் தையலை இரண்டு விரல் அளவு பிரித்தேன், பட்டனை உள்ளே தள்ளினேன், வளைந்த ஊசியால் பழைய துளைகளிலேயே தைத்து மூடினேன். இருபத்தாறு வருட வேலை. என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு அவருக்குச் சட்டை மாட்டினேன். மிச்சம் இருந்த நான்கு பட்டனையும் நானே போட்டுவிட்டேன். அவர் இடது கை மெல்ல மேலே வந்தது. விரல் முதல் பட்டனைத் தொட்டது. இரண்டாவது இடத்தில் துணி. மூன்று, நான்கு, ஐந்து. மறுபடி இரண்டாவது இடத்துக்கே வந்து நின்றது.

என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தோரு வருடம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து, யார் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று பார்த்த கண். நான் காலரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒன்பது மணி இருக்கும். எட்டுக் கட்டிலும் கதவைப் பார்த்திருந்தன. எட்டுப் பேரும் காத்திருந்தார்கள். நான் ஒன்றாவது கட்டிலிலிருந்து எட்டாவதுவரை நடந்தேன், குனிந்து பார்த்தேன், ஸ்டூலுக்கு அடியில் பார்த்தேன், ஜன்னல் விளிம்பைத் தடவினேன். கதவருகே போய் நின்று திரும்பி, பொய் சொன்னேன்.

"நீவெட் ப்ளீஃப்."

பதில் வரவில்லை. டிரைவர் என் கணவரைப் பார்த்தார். ஹெச்.எம். அம்மாவும் பார்த்தார். தலைவர் என் கணவர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியும். மிச்சம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பயணம் நின்றுவிடும். பயணி விட்டுப்போன ஒரு மூக்குக்கண்ணாடியைக்கூடக் கண்டும் காணாமல் விடாத மனிதர்.

அவர் இடது கையைத் தூக்கி, பட்டன் இல்லாத இடத்தின் மேல் விரித்து வைத்து மூடிக்கொண்டார். மற்றவர்களுக்குத் தெரியாதபடி. பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, "ஹோர்த்," என்றார்.

சக்கரங்கள் நகரும் சத்தம் கேட்டது. கட்டில்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சத்தம் மட்டும் என்னைத் தாண்டிக் கதவு வழியாகப் போனது, மரச் சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக எட்டு வண்டி. கடைசி வண்டி போகும்போது என் புடவைத் தலைப்பு லேசாக ஆடியது. நான் கதவை விட்டு விலகி நின்று வழி விட்டேன்.

யாரும் சாகவில்லை. அன்று மதியமே எட்டுப் பேரும் ஊட்டியதைச் சாப்பிட்டார்கள். கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது, வாயில் வைத்தால் விழுங்கினார்கள். ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை, கையைப் பிடித்தால் கை பதில் சொல்லவில்லை. டாக்டர்கள் நீளமாக ஒரு பெயர் எழுதினார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் ஆளை வீட்டுக்கு அழைத்துப் போனது. ஹெச்.எம். அம்மாவின் மருமகள் போகும்போது என் கையைப் பிடித்து, "சாப்பிட வச்சிட்டீங்களே அக்கா, நல்லா இருப்பீங்க," என்றாள். அதைக் கேட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவரை வீட்டில் ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். நான் டிரை கிளீனிங் கடையை விட்டுவிட்டு மறுவாழ்வு நிலையத்திலேயே தையல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். விரிப்புக் கிழிசல், தலையணை உறை, திரைச்சீலை. எல்லோரும் நான் புண்ணியத்துக்குச் செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். நான் மெத்தைக்குக் காவல் இருக்கிறேன். இரண்டு முறை பழைய மெத்தைகளை மாற்ற வந்தார்கள். இரண்டு முறையும் ஆறாவது மெத்தை இன்னும் பத்து வருடம் உழைக்கும் என்று சண்டை போட்டு நிறுத்தினேன். தினமும் காலையில் தலைமாட்டு மூலையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன். பட்டன் இருக்கும். வீட்டில் அவருக்குத் தினமும் அதே நீலக் கட்டச் சட்டை. வெளுத்துப்போனதும் அதே துணியில் இன்னொன்று தைத்தேன், நான்கே பட்டனோடு.

ஏழு மாதம் ஆயிற்று.

போன வாரம் ஆறாவது கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்தவர், நாற்பது வயதுகூட இருக்காது. வேறு ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். பேச்சு இல்லை. இன்று காலை பத்து மணிக்கு நான் அவருடைய தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் மூலையை ஒருமுறை அழுத்தினேன்.

"எங்கள் பொருள் ஒன்று உன்னிடம் இருக்கிறதா?" என்றார்.

ஃபாரிஸ்க்கில். நல்ல சுத்தமான உச்சரிப்பு. கண் என்னைப் பார்க்கவில்லை, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த முறை திரும்பிவர ஒன்றும் இருக்காது.

பயம் எவ்வளவு நேரம் இருந்ததோ தெரியாது. அதற்குள் கோபம் வந்துவிட்டது. மந்திரியையே நேரில் வரச் சொன்ன மனுஷன் ஆள் அனுப்புகிறாரா? என்னிடமே ஆள் அனுப்புகிறாரா? அதற்குச் சொல்ல அவர்கள் மொழியில் எனக்கு வார்த்தை வரவில்லை, தேடவும் இல்லை. என் வாயில் வந்த பாஷையிலேயே சொன்னேன்.

"இருக்கு. ஆனா உங்ககிட்ட தர முடியாது. உரியவர் நேர்ல வரணும்."

கொத்தனார் தலையைக் கதவுப் பக்கம் திருப்பி, வெளியே நிற்கும் யாருக்கோ சொல்வதுபோல், நான் சொன்னதை ஃபாரிஸ்க்கில் சத்தமாகச் சொன்னார். வராந்தாவில் யாரும் இல்லை. கூட்டுகிற அம்மாகூட அப்போது கீழே இருந்தாள்.

ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது. நாத்தனார். குரல் உடைந்திருந்தது.

"அண்ணி, உடனே வாங்க. அண்ணன் கை அசையுது. சட்டை பட்டனை ஒண்ணொண்ணா தொட்டு எண்ணிட்டே இருக்காரு அண்ணி. இரண்டாவது இடத்துக்கு வந்து நிக்குது. திரும்ப எண்ணுறாரு."

என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. குரலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் வர மாட்டேன். வண்டி பிடிச்சு அவரை இங்க கூட்டிட்டு வா."

"என்ன அண்ணி சொல்றீங்க? இந்த நிலைமையில எப்படி..."

"அவருக்குத் தெரியும், வருவார். கூட்டிட்டு வா."

இப்போது பதினொன்று ஆகப்போகிறது. கொத்தனாரை உடற்பயிற்சிக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் ஆறாவது கட்டிலில் உட்கார்ந்து தலைமாட்டு மூலையில் கையை வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊசியில் நீல நூல் கோத்து வைத்திருக்கிறேன். அவர் வரட்டும். பட்டனை அவர் கையில் கொடுக்க மாட்டேன், சட்டையில் நானே தைத்துத்தான் தருவேன், தைத்து முடியும்வரை அவர் கிளம்ப முடியாது. ஒரு பட்டன் தைக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் இந்தப் பட்டனுக்கு எத்தனை வருடம் எடுத்துக்கொள்வது என்பதை நான்தான் முடிவு செய்வேன்.